‘ரெக்’ வந்தாலே ஆட்சிதானா? லத்தீன் வேர்ச்சொல் சந்தேகம்

கேள்வி:
போட்டித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை வேர் பிரித்துப் படிக்கிறேன். ‘ரெகெரே’ என்றால் ஆளுதல் என்று குறிப்பில் இருக்கிறது. ரீகல், ரெஜீம் புரிகிறது. கரெக்ட், ரெக்டாங்கிள் எப்படி இதில் சேரும்? ரிக்ரெட், ரிஜிஸ்டரும் இதே வேரா? கவர்னருக்கான பெயரடை ‘கூபர்னடோரியல்’ என்கிறார்கள். நடுவில் ‘ப’ எங்கிருந்து வந்தது?

பதில் 1:
குறிப்பு பாதிதான் சொல்கிறது. ரெகெரேவுக்கு முதற்பொருள் ‘நேராகச் செலுத்து’. ஆளுதல் அதிலிருந்து கிளைத்தது. அதன் எச்ச வடிவம் ரெக்டுஸ், அதாவது நேரான. எனவே கரெக்ட் கோணலை நேராக்குவது, எரெக்ட் நிமிர்ந்து நிற்பது, ரெக்டாங்கிள் நேராக நிற்கும் செங்கோணங்கள் கொண்டது. ரெகுலா என்றால் நேர்கோல். ரெகுலர், ரெகுலேட் நேரே அதிலிருந்து வந்தவை. ரூல், தண்டவாள ‘ரெயில்’ இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்தவை. கோடு போடும் ரூலரும் நாடாளும் ரூலரும் இப்படித்தான் ஒரே சொல்லானார்கள். செங்கோல், கொடுங்கோல் என்று கோலின் நேர்மையையும் வளைவையும் வைத்தே அரசை அளந்த நமக்கு இது புதிதல்ல.

முன்னொட்டு சேர்ந்தால் உயிரெழுத்து மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரெகெரே, ‘டிரிகெரே’ ஆகும். பின்னால் இரண்டு மெய் வந்தால் ‘எ’ அப்படியே நிற்கும். அதனால்தான் டைரக்ட் ஒரு பக்கம், டிரிஜிபிள் (திசை திருப்பக்கூடிய வான்கப்பல்) இன்னொரு பக்கம். கரெக்ட், இன்காரிஜிபிள் ஜோடியும் அப்படியே. முன்னொட்டு சேர்ந்த இன்னொரு வடிவமான ‘சுர்கெரே’யில் (எழுதல்) அந்த உயிர் முழுக்கவே விழுந்துவிட்டது. சர்ஜ், சோர்ஸ், இன்சர்ஜென்ட், ரெசரெக்‌ஷன் எல்லாம் அந்த வழி. தேர்வில் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பதில் 2:
ரிக்ரெட், ரிஜிஸ்டர் இரண்டுமே இல்லை. முதலில் ‘ரி’யைக் கழற்றிப் பாருங்கள். மிச்சம் வேறு சொற்களிலும் வந்தால் ‘ரி’ வெறும் முன்னொட்டு. ரிக்ரெஸில் மிஞ்சும் ‘க்ரெஸ்’ ப்ரோக்ரெஸிலும் உண்டு. அது ‘நடத்தல்’ வேர். ரிகார்டில் (regard) மிஞ்சுவது ‘கார்டு’, காவல் காப்பவரின் சொந்தம். ரிஜிஸ்டரின் மிச்சம் ‘கெரெரே’, சுமந்து செல்லுதல். டைஜஸ்ட், சஜஸ்ட் அதன் உறவு. ரிஜிட் தனி வேர், விறைத்திருத்தல்.

இன்னொரு பொறி ‘ஸாவரின்’ (இறையாண்மை கொண்டவர்). எழுத்துக்கூட்டலில் ‘ரெய்ன்’ (ஆட்சி) தெரிந்தாலும் அதற்கும் இதற்கும் பிறப்பில் தொடர்பில்லை. ‘மேலே’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். ‘ரெய்ன்’ என்பதைப் பார்த்து நடுவே ‘ஜி’ எழுத்தைச் செருகிவிட்டார்கள். ‘ஃபாரின்’ சொல்லின் ‘ஜி’யும் அப்படி ஒட்டவைத்ததே.

பதில் 3:
கவர்னர் கேள்விக்கு: கிரேக்கத்தில் ‘குபெர்னான்’ என்றால் கப்பலின் சுக்கான் பிடித்தல். லத்தீன் அதை ‘குபெர்னாரே’ ஆக்கியது. பிரெஞ்சில் ‘ப’ தேய்ந்து ‘வ’ ஆனது. கவர்ன், கவர்னர் அந்த வழி. கூபர்னடோரியல் லத்தீனிலிருந்து நேரே எடுத்துச் செய்தது, அதனால் ‘ப’ தப்பித்தது. அமெரிக்க மாநிலத் தேர்தல் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். 1948இல் கணிதவியலர் நார்பர்ட் வீனர் வைத்த ‘சைபர்னெடிக்ஸ்’ (கட்டுப்பாட்டு அறிவியல்) என்ற பெயர் கிரேக்கத்திலிருந்தே வந்தது. கணினிக்காரர்களின் குபர்நெடிஸ் என்ற மென்பொருளின் பெயரும் அதே மீகாமன்தான் (சுக்கான் பிடிப்பவர்).

வழிகாட்டும் வேர்களில் ‘டூகெரே’யை விடாதீர்கள். வினையில் ‘டியூஸ்’, பெயரில் ‘டக்‌ஷன்’: ரெடியூஸ், ரிடக்‌ஷன். சிக்கல் டெடியூஸ் (ஊகித்தறி), டெடக்ட் (கழி) இரண்டுக்கும் பெயர்ச்சொல் டெடக்‌ஷன் ஒன்றே என்பதுதான். வாக்கியத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ட்யூக், அக்விடக்ட் இதே குடும்பம். டூப்ளிகேட் (இரண்டு), டூரபிள் (கெட்டி) இதில் சேராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் ‘ரைட்’ என்ற சொல்லும் ரெக்டுஸிலிருந்து வந்ததா?

பதில் 1:
இல்லை. அது ஜெர்மானிய வழியில் ஆங்கிலத்துக்கே உரியது. ரெக்டுஸுக்குப் பிள்ளை அல்ல, உடன்பிறப்பு. லத்தீன் ‘ரெக்ஸ்’, சமஸ்கிருத ‘ராஜன்’ உறவும் இதே மாதிரிதான். லத்தீன் பட்டியலில் ‘ரைட்’டை எழுதாதீர்கள்.