உள் அலைகள் கடல்நீரைக் கலப்பது எவ்வாறு? மதுரையில் செய்யத்தக்க சோதனை உண்டா?

வினா (முதுகலை இயற்பியல் மாணவி, மதுரை):
கடலுக்குள் அடர்த்தி மாறும் அடுக்குகளில் எழும் உள் அலைகளைப் பற்றி ஆய்வுத்திட்டம் செய்ய விரும்புகிறேன். அலை கடந்தபின் நீர் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடுமானால், அதனால் அடுக்குகள் கலக்கின்றன என்பது எவ்வாறு பொருந்தும்? கடற்கரை இல்லாத நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

மறுமொழி 1 (கடலியல் ஆய்வாளர்):
உங்கள் ஐயம் நியாயமானது. அலை ஓடுவதால் மட்டும் நீர் கலப்பதில்லை, அது உடையும்போதுதான் கலக்கிறது. கடலுக்குள் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு ஆயிரத்தில் சில பங்கே என்பதால், இடம்பெயர்ந்த நீரைப் பழைய நிலைக்கு இழுக்கும் விசை மிகவும் வலுவற்றது. ஆகவே உள் அலைகள் மெதுவாகவும், பல பத்து மீட்டர் உயரத்துக்கும் எழுகின்றன. அந்தமான் கடலில், தீவுகளுக்கு இடையிலான கடலடி முகடுகளை ஓத (கடல் ஏற்றவற்ற) நீரோட்டம் கடக்கும்போது பிறக்கும் இத்தகைய அலைகளை ஆஸ்போர்ன், பர்ச் என்னும் ஆய்வாளர் இருவரும் 1980இல் விரிவாக விளக்கினர். அடுத்தடுத்த அடுக்குகளின் வேக வேறுபாடு, அடர்த்தி வேறுபாடு தரும் நிலைப்பை மீறும் அளவுக்கு மிகும்போது, நீர் சுருண்டு கவிழ்ந்து கொந்தளிக்கிறது. கலப்பு நிகழ்வது அங்கேதான்.

மறுமொழி 2 (ஆய்வு மாணவர்):
இதன் முக்கியத்துவத்தையும் சொல்ல வேண்டும். ஆழ்கடலின் அடுக்குகள் இன்றுள்ளவாறு நிலைத்திருக்க, கலப்புக் கெழு (நீர் எவ்வளவு விரைவாகக் கலக்கிறது என்பதன் அளவு) வினாடிக்கு ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் எனக் கடலியலாளர் வால்டர் மங்க் 1966இல் கணக்கிட்டார். 1992இல் வட அட்லாண்டிக்கில், ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் சுவடு வேதிப்பொருளை (பரவுவதைப் பின்தொடர்ந்து அளக்க உதவும் பொருள்) கரைத்து அளந்தபோது மங்க் கணக்கிட்ட மதிப்பில் பத்தில் ஒரு பங்கே கிடைத்தது. பின்னர், பிரேசில் படுகையின் கரடுமுரடான கடலடிக்கு மேல் மிக அதிகமான கலப்பு பதிவானது. கடலடியின் வடிவத்தை விட்டுவிட்டுக் கலப்பைப் பேசவே இயலாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3 (கல்லூரி ஆசிரியர், திருப்பரங்குன்றம்):
மகளே, 60 சென்டிமீட்டர் நீள மீன்தொட்டி போதும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைத்துச் சாயமிட்ட நீரை மெல்லிய குழாய் வழியே, கலங்காதபடி அடியில் அதே உயரத்துக்குச் செலுத்துங்கள். தொட்டியை மெல்ல அசைத்தால், இரு நீரும் சந்திக்கும் இடைப்பரப்பின் ஓர் ஊசலுக்கு 12 முதல் 13 வினாடி ஆகும். மேற்பரப்புக்கோ ஒரு வினாடியே. அடுத்து மூடியிட்டு முழுத்தொட்டியையும் சாய்த்தால், இடைப்பரப்பில் சுருள்கள் எழுந்து சாயம் பரவுவதைக் கைபேசியில் படம் எடுக்கலாம். வைகை அணையில் அளக்க எண்ணினால், முறையான அனுமதி பெற்று, ஆண்டிப்பட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்குமுன், கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை உணரிகளைக் கட்டி இறக்குங்கள். காற்று வலுத்தபின் அடுக்குகளே கலைந்துவிடக்கூடும்.