ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் கீழ்க்கால் எலும்பு நோகிறது: பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி (ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

என் மகள் 10 ஆம் தரத்தில் படிக்கிறாள். இல்ல விளையாட்டுப் போட்டிக்காக 200 மீற்றர் ஓட்டத்துக்கும் நீளம் பாய்தலுக்கும் நாள்தோறும் பயிற்சி செய்கிறாள். விடுமுறைக்குப் பின் பயிற்சி தொடங்கிய சில வாரங்களில், இரு கால்களிலும் எலும்பின் உட்புற ஓரமாக நோ வந்துவிட்டது. ஓடத் தொடங்கும்போது நோகிறது, உடல் சூடேறியதும் குறைகிறது, மறுநாள் காலையில் மீண்டும் கூடுகிறது. நோவெண்ணெய் பூசி அழுத்தித் தேய்க்கும்படி மாமி சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மட்டக்களப்பு)

தங்கச்சி, விடுமுறையில் ஓய்ந்திருந்த பிள்ளைகளை முதல் வாரத்திலேயே நாள்தோறும் ஓடவும் பாயவும் விடும்போது இந்த நோ வருவதை நான் நெடுகக் கண்டிருக்கிறேன். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு உறுதியாவதற்கு மாதங்கள் வேண்டும். ஆகவே ஓட்டத்தையும் பாய்ச்சலையும் இப்போது நிறுத்திவிட்டு, நோகாத அளவில் சைக்கிள் ஓட்டவோ நீந்தவோ விடுங்கள். கடற்கரை மணல் மென்மையானது என்று கல்லடிப் பக்கம் கூட்டிச் செல்ல வேண்டாம். கால் புதையும் மணலில் கெண்டைத் தசை கூடுதலாக உழைக்க நேர்வதால் நோ அதிகரிக்கக்கூடும். சமமான புல்தரையே நல்லது. சப்பாத்தின் அடிப்பகுதி தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் (இயன்மருத்துவர், கல்முனை)

சேர் சொன்னது சரி. ஆனால் முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள், அம்மா. எலும்பின் உள் ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாகப் பரவி நொந்தால், அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் எலும்பும் சுமை தாங்காமல் உறுத்தப்பட்டதால் வந்தது. ஒரே புள்ளியில் கூர்மையாக நொந்தாலோ, இரவில் ஓய்விலும் வலித்தாலோ எலும்பில் நுண்வெடிப்பு இருக்கக்கூடும். அப்போது வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் வெடிப்பு தெரியாமல் போகலாம் என்பதால், படம் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் ஆறுதல் கொள்ளாதீர்கள். ஓடும்போது கால் இறுகிப் பாதம் மரத்துப்போனால் அது வேறு சிக்கல், அதையும் காட்ட வேண்டும்.

எலும்பின் மேல் அழுத்தித் தேய்ப்பதைத் தவிருங்கள். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்தால் நோ தணியும். நோ குறைந்ததும் படியில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சியை, முழங்காலை நேராக வைத்தும் சற்று மடித்தும் செய்யட்டும்.

கேள்வி கேட்ட தாய்

மிக்க நன்றி. நோ பரவலாகத்தான் இருக்கிறது. போட்டிக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது. வலி மாத்திரை கொடுத்து ஓட விடலாமா?

பதில் (இயன்மருத்துவர், கல்முனை)

வேண்டாம், அம்மா. மாத்திரை நோவை மறைக்குமே தவிர எலும்பின் சுமையைக் குறைக்காது. மறைந்த நோவோடு ஓடினால் உறுத்தல் வெடிப்பாக மாறக்கூடும். எலும்பை அழுத்தினாலும், ஒற்றைக் காலில் துள்ளினாலும் நோகாத பின்னரே, ஒருநாள் விட்டு ஒருநாள் நடையும் மெல்லோட்டமும் கலந்து தொடங்கட்டும். வேக ஓட்டம் அதற்குப் பிறகு, நீளம் பாய்தல் கடைசியில். மாதவிடாய் தவறுகிறதா, வயிறாரச் சாப்பிடுகிறாளா என்பதையும் அவளிடம் கேளுங்கள். உழைப்புக்கு ஏற்ற உணவில்லாத பெண்பிள்ளைகளின் எலும்பு எளிதில் வெடிக்கும். மாதவிடாய் தவறியிருந்தால் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.