உங்களை மேற்பார்த்த அதிகாரி கோப்பில் எதைத் தேடினார்?

திரியைத் தொடங்கியவர்
லஞ்ச ஒழிப்பு வழக்குகளில் நானே புலனாய்வு செய்துகொண்டிருந்தவன், இப்போது மற்றவர்களின் புலனாய்வை மேற்பார்க்கும் இடத்துக்கு வந்திருக்கிறேன். சட்டம் தெரியும். அடுத்தவர் எழுதிய கேஸ் டைரியை (புலனாய்வில் அன்றன்று நடந்ததை எழுதும் குறிப்பேடு) எப்படிப் படிப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. மேற்பார்த்தவர்கள், மேற்பார்வையில் மாட்டியவர்கள், எதிர்த்தரப்பில் நின்றவர்கள் என எல்லோரும் எழுதலாம். ஊர், பெயர் வேண்டாம்.

ஓய்வுபெற்ற டி.எஸ்.பி.
ட்ராப் (லஞ்சம் வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிப்பது) அன்று கூடவே போய் நிற்பதுதான் மேற்பார்வை என்று பலர் நினைக்கிறார்கள். நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது எனக்கு மேலே இருந்தவர் அவசியம் இல்லாமல் களத்துக்கு வரமாட்டார். மறுநாள் கோப்பு அவர் மேசைக்குப் போகும். சோடியம் கார்பனேட் கரைசலில் விரலைக் கழுவியதும் (நோட்டில் தடவிய பவுடர் விரலில் ஒட்டியிருந்ததால்) இளஞ்சிவப்பானது, நோட்டு எண்கள் மகஜரோடு (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) ஒத்துப்போயின என்று நாங்கள் பெருமையாக எழுதிய பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவார். அவர் நிற்கும் இடம் ஒன்றுதான்: "கேட்டாரா? என்ன வார்த்தையில் கேட்டார்? வேறு யார் காதில் விழுந்தது?"

அதற்குக் காரணம் உண்டு. பணத்தைக் கைப்பற்றியது மட்டும் போதாது, லஞ்சம் கேட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ் சாட்சி ஆனாலோ (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னாலோ) மற்ற சான்றுகளையும் சூழ்நிலைகளையும் கொண்டு அதை நிரூபிக்கலாம் என்றது. அப்போது இளைஞர்கள் சிலர் "இனி கவலை இல்லை சார்" என்றார்கள். எனக்கென்னவோ கவலை கூடிவிட்டதாகத்தான் பட்டது. அந்தச் சூழ்நிலைச் சான்றை அன்றைக்கே திரட்டி வைக்காதவன் பின்னால் எதைக் காட்டுவான்?

ஒரு வழக்கில் சாட்சிகளின் வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒருவருடையதைத் தட்டச்சு செய்து, பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். எழுத்துப் பிழைகூட அதே இடத்தில். பெரியவர் கோப்பைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரே வரி: "இத்தனை பேரும் ஒரே வாயால் பேசினார்களா?" சாட்சிகளை மறுபடி தனித்தனியாக விசாரித்ததில் ஒருவர், தான் வராந்தாவில் நின்றதாகவும் பேச்சு எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஆனால் அதிகாரி மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே போடச் சொல்லிக் கையைக் காட்டியதைப் பார்த்திருக்கிறார். காகிதத்தில் முன்பு இருந்ததைவிட இது பலவீனம். குறுக்கு விசாரணையில் கடைசிவரை நின்றது அந்தக் கை ஜாடை மட்டும்தான்.

வேறு துறை ஊழியர், ஒரு வழக்கில் சாட்சி
நான் காவல்துறை இல்லை. ட்ராப்புக்கு வேறு துறை அரசு ஊழியர்களைச் சாட்சியாக அழைப்பார்கள் இல்லையா, அப்படிப் போனவன். புகார்தாரருடனே போய்ப் பார்த்து, கேட்க வேண்டிய வேலை. பயத்தில் வயிறு கலங்கியது.

அன்று அவர்களின் மேலதிகாரியும் வந்திருந்தார். நோட்டுகளில் பினாப்தலீன் பவுடர் தடவிய காவலர், பழக்கத்தில் கரைசல் பாட்டில்கள் இருந்த பெட்டியையும் தூக்கப் போனார். மேலதிகாரி சத்தம் போடவில்லை. அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, வேறொருவரை வைத்து வேறு பாட்டில்களை எடுத்துவரச் சொன்னார். பவுடர் அந்தக் காவலரின் கையிலிருந்தே கரைசலுக்குப் போயிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என்னிடம் அவர் சொன்னது: "நீங்க எங்க ஆள் இல்லை சார். காதுல விழாததை விழுந்ததா சொல்லாதீங்க. அவர் பேசின வார்த்தையை அப்படியே மனசுல வெச்சுக்கங்க, அது போதும்." வருடங்கள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அறையின் நிறம்கூட மறந்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் நினைவில் இருந்தது.

சொத்துக் குவிப்புப் பிரிவில் இருந்தவர்
எங்கள் வேலையில் பவுடரும் இல்லை, ஓட்டமும் இல்லை. எல்லாம் கணக்குதான். ஆய்வுக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த சொத்து, முடிவில் இருந்த சொத்து, இடையில் வந்த வருமானம், ஆன செலவு. நான் கொண்டுபோன கணக்கைப் பார்த்ததும் எங்கள் அம்மா (எஸ்.பி. அந்தஸ்து, எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம்) கேட்ட முதல் கேள்வி: "காலத்தை ஏன் இந்த வருஷத்துல ஆரம்பிச்சே? முந்தின வருஷம் அவர் நிலம் வித்திருக்காரே?" அந்தப் பணத்தைக் காட்டினால், வருமானத்தைவிடச் சொத்து எவ்வளவு மிகுதி என்ற சதவீதம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவருக்குச் சாதகமான ரசீதையும் நீதான் தேட வேண்டும், இல்லாவிட்டால் அதை அவருடைய வக்கீல் நீதிமன்றத்தில் வைத்து நம்மைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைப்பார் என்றார்.

அப்படித் தேடப்போய் இன்னொரு கோப்பு மொத்தமாகவே சரிந்தது. மிகுதி பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அந்த அளவு மிகுதியைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்று 1977-இலேயே கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மேல்நடவடிக்கை கைவிடப் பரிந்துரை போனது. அந்த மனிதர் சுத்தமானவர் என்று நான் இன்றும் நம்பவில்லை. அம்மா இன்னும் ஒரு மாதம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

தற்போது பணியில் இருக்கும் இன்ஸ்பெக்டர்
உங்கள் காலத்து மேற்பார்வையைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எனக்கு வாய்த்தது வாட்ஸ்அப் மேற்பார்வை. கையைக் கழுவி முடிப்பதற்குள் "என்னாச்சு, போட்டோ போடு" என்று குழுவில் செய்தி வரும். 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ஆவது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும், அது தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். இதில் எதையாவது சரிபார்த்தாரா? இல்லை. போட்டோ வந்ததா என்று மட்டும் பார்த்தார்.

குற்றவியல் வழக்கறிஞர்
மேலே எழுதிய தம்பிக்கு: நாங்கள் தேடுவதே அந்த போட்டோவைத்தான். கேஸ் டைரி எங்கள் கைக்கு வராது. ஆனால் குழுவில் போட்ட படம் எப்படியோ வெளியே வந்துவிடும். படத்தில் மணி ஒன்று, மகஜரில் மணி வேறு. எனக்கு அரை நாள் குறுக்கு விசாரணைக்கு அதுவே தாராளம். கோப்பை உண்மையிலேயே படிக்கும் மேலதிகாரி இருக்கும் வழக்குகளில் இந்த மாதிரி ஓட்டை கிடைப்பது அபூர்வம். அப்போது கட்சிக்காரரிடம் வேறு மாதிரிதான் பேச வேண்டியிருக்கும்.

திரியைத் தொடங்கியவர்
எல்லோருக்கும் நன்றி. டி.எஸ்.பி. ஐயா, ஒரு சந்தேகம். கோப்பைத் திருப்பி அனுப்பினால் புலனாய்வு அதிகாரி மனம் கசந்து, அடுத்த முறை நான் எதிர்பார்ப்பதை மட்டும் எழுதித் தந்துவிட மாட்டாரா?

ஓய்வுபெற்ற டி.எஸ்.பி.
தருவார். அதனால்தான் "இப்படி எழுது" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கேள்வியை மட்டும் எழுதுங்கள். அப்புறம், மெமோ கொடுப்பதற்கு முன் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். பாதி பதில் அங்கேயே வந்துவிடும்.