புதுப்பிப்பு: மகனுக்காகக் கேட்ட விடுப்பு கிடைத்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: மகனைப் பார்த்துக்கொள்ள நாலு அரைநாள் விடுப்புக் கேட்டால், மேலாளர் டாக்டர் கடிதம் கேட்கிறார் என்று. விடுப்பு கிடைத்துவிட்டது. கடிதம் எதுவும் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு அக்கா சொன்ன சட்டம்தான் கைகொடுத்தது: நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான பிரிட்டனின் பராமரிப்பாளர் விடுப்புச் சட்டம் (Carer's Leave Act). ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் தொகுதி எம்.பி. வெண்டி சேம்பர்லைன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. 2023-ல் நிறைவேறி, 2024 ஏப்ரல் 6 முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருஷத்துக்கு ஒரு வாரம், அரைநாளாகவும் பிரித்து எடுக்கலாம். நிர்வாகம் ஆதாரம் கேட்கக்கூடாது. வேலை பெரிதும் பாதிக்கும் என்றால் தள்ளிப்போடலாம், மறுக்க முடியாது. இதை அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "எனக்கே இது தெரியாது" என்றார்.

முதல் அரைநாள் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் கை உலர்த்தும் இயந்திரச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவன், என் பையின் ஜிப்பைத் திறந்து மூடியே அமைதியானான். அவசரமாக ஓட வேண்டியிருந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தை அவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

சம்பளம் கிடையாது என்பதுதான் வலி. சம்பளத்துடன் விடுப்பு வேண்டும் என்று சேம்பர்லைனின் லிபரல் டெமாக்ரட் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் கேட்டிருக்கிறது. அது வந்தே தீர வேண்டும்.

மகனுக்கு விண்ணப்பித்த பள்ளி உதவித் திட்டம் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான EHCP) இன்னும் வரவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி விண்ணப்பித்த 20 வாரத்துக்குள் தர வேண்டும். எங்களுக்கு இது 27-வது வாரம். திங்கட்கிழமை எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.