ஹேஷ் டேபிள் சேர்த்த பிறகு இன்ஜின் செல்லாத நகர்வு ஆடுகிறது, உதவி தேவை

காலாள்64:
வணக்கம். என் செஸ் இன்ஜினில் (செஸ் ஆடும் நிரலில்) போன வாரம் ஹேஷ் டேபிள், அதாவது ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளை நினைவில் வைக்கும் அட்டவணை, சேர்த்தேன். அதுவரை ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது சில ஆட்டங்களில் திடீரென்று செல்லாத நகர்வு ஆடி, ஜெயிக்கிற ஆட்டத்தையும் தோற்றுவிடுகிறது. எப்போது வரும் என்று சொல்லவே முடியவில்லை. மூன்று இரவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டேபிளில் எங்கே தப்பு இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை இன்ஜின்களுக்கான ஒரு போட்டி இருக்கிறது, அவசரம்.

இரவுக்குதிரை:
எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? பலகையை வைப்பது பிட்போர்டாகவா (64 பிட் எண்களாக), மெயில்பாக்ஸாகவா (கட்டங்களின் பட்டியலாக)? எத்தனை திரெட் (ஒரே நேரத்தில் எத்தனை தேடல்) ஓடுகிறது? எந்த நிலையில் என்ன நகர்வு ஆடியது? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது நண்பரே.

ஹேஷ்மணி:
ஹேஷ் மோதல்தான், சந்தேகமே வேண்டாம். டேபிளில் ஒரே இடத்துக்கு வேறு வேறு நிலைகள் வந்து விழும். நிலையின் அடையாள எண்ணான முழு 64 பிட் கீயையும் ஒப்பிடாமல், கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்து எடுத்தால் வேறொரு நிலையின் நகர்வு கைக்கு வரும். அதை அப்படியே ஆடினால் இதுதான் நடக்கும். டேபிளிலிருந்து வரும் நகர்வு இந்த நிலையில் செல்லுமா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட வேண்டும். பல திரெட் ஓடினால் இன்னும் மோசம்: ஒன்று எழுதும்போதே இன்னொன்று படித்துவிடும். அதற்காகத்தான் ராபர்ட் ஹையாட்டும் டிம் மேனும் 2002-ல் பூட்டே போடாமல், கீயையும் தரவையும் எக்ஸ்-ஆர் (பிட் பிட்டாகக் கலக்கும் கணக்கு) செய்து வைக்கும் வழியை எழுதினார்கள்.

கடைசிவரிசை:
எனக்கு நேரக் கணக்கின் மேல்தான் சந்தேகம். நேரம் முடிந்து தேடல் பாதியில் நிற்கும்போது, அந்த அரைகுறைச் சுற்றின் நகர்வையே அனுப்பிவிடுகிறீர்களா? எனக்கு ஒரு வருஷம் முன்பு அப்படித்தான் ஆனது.

பழையபலகை:
தம்பி, பெர்ஃப்ட் எண்களை (இத்தனை ஆழம் வரை எத்தனை நகர்வு வரிசைகள் என்ற எண்ணிக்கையை) போடாமல் உதவி கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முதலில் நகர்வுகளைச் சரியாக எண்ண வேண்டும். அப்புறம்தான் தேடல், அதற்கும் அப்புறம்தான் டேபிள். அடித்தளம் காய்வதற்குள் மாடி கட்டியிருக்கிறீர்கள். தொடக்க நிலையில் 1 ஆழத்துக்கு 20, 2-க்கு 400, 3-க்கு 8902, 4-க்கு 197281. ஒன்று கூடினாலும் பிழை, ஒன்று குறைந்தாலும் பிழை. இதைக்கூடப் பார்க்காமல் போட்டிக்குப் பெயர் கொடுப்பது எனக்குப் புரியவில்லை.

காலாள்64:
பெர்ஃப்ட் இருக்கிறது அண்ணா. தொடக்க நிலை 5 ஆழம் 4865609, சரியாக வருகிறது. அதனால் நகர்வு உருவாக்குவதில் பிழை இல்லை. சி++, பிட்போர்டு, ஒரே திரெட். எந்த நகர்வு என்று பதிவு செய்து வைக்கவில்லை.

பழையபலகை:
அந்த 4865609-ஐ வைத்துக்கொண்டு "பிழை இல்லை" என்று சொல்லாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? கேஸ்லிங் (ராஜாவும் யானையும் சேர்ந்து நகர்வது) ஒன்றுகூடக் கிடையாது. எட்டாம் வரிசைக்குப் போய் ராணியாகும் சிப்பாய் ஒன்றுகூடக் கிடையாது. ஆன் பாசான், அதாவது இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை ஒரு கட்டமே நகர்ந்தது போல எதிரிச் சிப்பாய் வெட்டுவது, வெறும் 258. பிழைகள் ஒளிந்துகொள்ளும் இடங்களை எல்லாம் விட்டுவிட்டு நேர்ச்சாலையில் மட்டும் வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கிவிபீட் என்ற சோதனை நிலையைப் போடுங்கள்: 48, 2039, 97862. மூன்றாம் ஆழத்திலேயே 3162 கேஸ்லிங் வரும்.

ஹேஷ்மணி:
ஒரே திரெட் என்றால் பாதிச் சந்தேகம் போயிற்று. ஆனால் மோதல் இன்னும் போகவில்லை.

இரவுக்குதிரை:
ஒரு கேள்வி. டேபிள் சேர்ப்பதற்கு முன் மொத்தம் எத்தனை ஆட்டம் ஓட்டிப் பார்த்தீர்கள்?

காலாள்64:
கிவிபீட் 97862, சரியாக வந்தது. முன்பு கையால் ஒரு 25 ஆட்டம் இருக்கும். டேபிளோடு சேர்த்துத்தான் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட் எழுதினேன். 630 ஆட்டம் ஓடியது, 3 தடவை வந்தது.

இரவுக்குதிரை:
அதைத்தான் கேட்க நினைத்தேன். 630-க்கு 3 என்றால், 25 ஆட்டத்தில் அது கண்ணில் படவே வாய்ப்பு குறைவு. பழைய பிழையாகவே இருக்கலாம், நீங்கள் இப்போதுதான் பார்க்கிற அளவுக்கு ஓட்டியிருக்கிறீர்கள். டேபிளை அணைத்துவிட்டு அதே அளவு ஓட்டுங்கள். ஒவ்வொரு நகர்வையும் கோப்பில் எழுதி வையுங்கள்.

காலாள்64:
டேபிள் இல்லாமல் 600 ஆட்டம். 2 தடவை வந்தது!! இரண்டிலும் கடைசி நகர்வு சிப்பாய் வெட்டுவது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

பழையபலகை:
சிப்பாய் வெட்டா? சரி, ஒரு இறுதியாட்ட நிலையை எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளை: ராஜா ஏ5, யானை பி4, சிப்பாய்கள் பி5, இ2, ஜி2. கறுப்பு: ராஜா எச்4, யானை எச்5, சிப்பாய்கள் சி7, டி6, எஃப்4. வெள்ளை நகர்த்த வேண்டும். 14, 191, 2812, 43238 வர வேண்டும்.

காலாள்64:
14 சரி. ஆனால் 191-க்குப் பதில் 193.

இரவுக்குதிரை:
பிடித்தாயிற்று. இனி முதல் நகர்வு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினில் இதே நிலையை ஏற்றி "கோ பெர்ஃப்ட் 2" கொடுத்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனி எண் காட்டும். பக்கத்தில் உங்களுடையதை வைத்து எந்த வரி மாறுகிறது என்று சொல்லுங்கள்.

காலாள்64:
இரண்டு வரி மாறுகிறது. இ2-இ4: எனக்கு 17, அங்கே 16. ஜி2-ஜி4: எனக்கு 18, அங்கே 17.

இரவுக்குதிரை:
பலகையை எடுத்து நான்காம் வரிசையைப் பாருங்கள். வெள்ளை இ4-க்கு வந்தபின் பி4-ல் வெள்ளை யானை, இ4-ல் வெள்ளைச் சிப்பாய், எஃப்4-ல் கறுப்புச் சிப்பாய், எச்4-ல் கறுப்பு ராஜா. யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் இரண்டு காய்கள். ஒரே ஒரு காய் நடுவில் இருந்தால்தான் 'பின்' (ராஜாவை மறைத்து நிற்பதால் விலக முடியாத காய்) என்று உங்கள் நிரல் கணக்குப் போடுகிறது, அதனால் எஃப்4 சிப்பாய்க்குத் தடையில்லை என்று நினைக்கிறது. அது ஆன் பாசானில் இ3-க்கு வெட்டும்போது என்ன நடக்கிறது? எஃப்4 காலி, இ4-ம் காலி. யானை நேராக ராஜாவைப் பார்க்கிறது. ஒரே நகர்வில் ஒரே வரிசையிலிருந்து இரண்டு காய்கள் மறைவது செஸ்ஸில் இங்கே மட்டும்தான். ஜி4-க்கும் இதே கதைதான்.

அடுத்து, எதிரி ராஜா நிற்கும் கட்டத்தை வெட்டும் நகர்வுகளை நிரல் ஒதுக்கிவிடுகிறதா?

காலாள்64:
ஆமாம், இலக்குக் கட்டங்களிலிருந்து ராஜாவை எடுத்துவிடுகிறேன்.

இரவுக்குதிரை:
அதனால்தான் தேடலுக்கும் தெரியாமல் போனது. அடுத்த நகர்வில் ராஜா போகிறது என்பது அதன் கண்ணுக்கே படவில்லை. ஒரு சிப்பாய் இலவசமாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வெட்டியிருக்கிறது.

பழையபலகை:
இதற்குத்தான் புதியவர்கள் பின் கணக்கைத் தொடவே கூடாது என்கிறேன். நகர்வை ஆடு, ராஜா தாக்கப்படுகிறதா என்று பார், தாக்கப்பட்டால் திரும்ப எடு. நாலு வரி. தப்பே வராது.

பிட்பிரியன்:
எல்லா நகர்வையும் ஆடித் திரும்ப எடுப்பது வீண் வேலை. பின் கணக்கு ஒழுங்காக இருந்தால் கடைசி ஆழத்தில் நகர்வுகளை ஆடாமலேயே எண்ணிவிடலாம். என் பெர்ஃப்ட் அப்படி மாற்றிய பிறகு பல மடங்கு வேகமானது.

பழையபலகை:
பெர்ஃப்ட் வேகத்தை வைத்து யாரும் ஆட்டம் ஜெயிப்பதில்லை. தேடலில் நேரம் போவது மதிப்பீட்டில் (நிலை யாருக்குச் சாதகம் என்று கணிப்பதில்).

பிட்பிரியன்:
நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தீர்களா அண்ணா? நான் அளந்திருக்கிறேன். என் மதிப்பீடு எளிமையானது, எனக்கு நகர்வு உருவாக்குவதில்தான் பெரும்பகுதி போகிறது. எல்லோருடைய இன்ஜினும் உங்களுடையதைப் போல இருக்காது.

பழையபலகை:
மதிப்பீட்டைச் செழுமையாக்குவதை விட்டுவிட்டு எண்ணும் வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும்.

கடைசிவரிசை:
இரண்டும் சரிதான். ஸ்டாக்ஃபிஷ் நடுவழியில் போகிறது: நகர்வுகளை முதலில் தாராளமாக உருவாக்கும், ஆடுவதற்குச் சற்று முன் செல்லுமா என்று பார்க்கும். ஆன் பாசானுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. வெட்டும் சிப்பாய், வெட்டப்படும் சிப்பாய் இரண்டையும் பலகையிலிருந்து எடுத்து, போய்ச் சேரும் கட்டத்தில் ஒன்றை வைத்து, ராஜாவின் மேல் யானை, மந்திரி, ராணி ஏதாவது பாய்கிறதா என்று பார்க்கும். ஆன் பாசான் எப்போதாவது வருவது, அதில் கொஞ்சம் நேரம் போனாலும் பாதகமில்லை. காலாள், நீங்களும் இதையே செய்யுங்கள். மற்ற பின் கணக்கைத் தொட வேண்டாம்.

பிட்பிரியன்:
நானும் ஆன் பாசானுக்கு அதைத்தான் செய்கிறேன்.

ஹேஷ்மணி:
டேபிள் நகர்வைச் சரிபார்ப்பதை மட்டும் மறக்காதீர்கள். இந்தப் பிழை அதனால் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தது வரும்.

காலாள்64:
கடைசிவரிசை சொன்னபடி செய்தேன். 191, 2812, 43238. இரவு முழுக்க டேபிளோடு 800 ஆட்டம் ஓடியது, ஒன்றுகூட வரவில்லை. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அந்த நிலையைக் கொடுத்த அண்ணாவுக்கு.

பழையபலகை:
நல்லது தம்பி. அந்த நிலையையும் கிவிபீட்டையும் ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரல் மாற்றத்தைச் சேமிக்கும்போதெல்லாம்) தானாக ஓடுகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

இரவுக்குதிரை:
போட்டிக்கு முன் இன்னொன்று. ஆன் பாசான் கட்டத்தை ஹேஷ் கீயில் எப்படிச் சேர்க்கிறீர்கள்? சிப்பாய் இரண்டு கட்டம் நகரும் ஒவ்வொரு தடவையும் சேர்த்தால், வெட்டவே வழியில்லாத நிலைகளும் வேறு வேறு கீயாகிவிடும். அப்போது ஒரே நிலை மூன்று தடவை வந்தாலும் இன்ஜின் கண்டுபிடிக்காது, கையிலிருக்கும் ஆட்டம் டிராவாகிவிடும். வெட்ட வழியிருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். கீ உருவாக்கும் பகுதியை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஹேஷ்மணி:
காலாள், பார்த்தீர்களா? இதற்குப் பதில் போட்டுவிட்டுப் போங்கள்.