40,000 ரூபாய் இருக்கிறது: டிஏசி வாங்குவதா, ஸ்பீக்கரைக் கவனிப்பதா?

உப்புவெளியான்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர், ஜப்பானில் பாவித்து இங்கே வந்த 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. அறை பதினொன்றரை அடிச் சதுரம். சீமெந்துச் சுவர், டைல் தரை. ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில், கட்டில் எதிர்ச்சுவரோடு. கேட்பது பெரும்பாலும் யூடியூபில் கர்நாடகக் கச்சேரிகளும் பழைய வானொலிப் பதிவுகளும். எதுவும் ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலிக்கும்போது அறையே உறுமுகிறது, பாடகரின் குரல் அதற்குள் புதைந்துவிடுகிறது. கொழும்பில் ஒரு கடையில் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் டிஏசி (கணினியில் எண்களாக இருக்கும் ஒலியை மின்னலையாக மாற்றும் பெட்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கையில் 40,000 ரூபாய். வாங்கலாமா?

சீனன்குடா:
தயங்காமல் வாங்குங்கள், தம்பி. மடிக்கணினிக்குள் செயலி, மின்விசிறி, வைஃபை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. ஒலிக்கென்று ஒதுக்கிய சிப் அந்த மின் இரைச்சலுக்கு நடுவில்தான் வேலை செய்கிறது. எண்கள் ஒலியலையாக மாறும் முதல் இடத்திலேயே அழுக்குச் சேர்ந்தால் பிறகு எந்த ஸ்பீக்கரும் அதை நீக்கித் தராது. கிணறு உவராக இருக்கும்போது குடத்தை மாற்றி என்ன பயன்? என் வீட்டில் வெளி டிஏசி வைத்த அன்றே பின்னணி இரைச்சல் நின்றது, தம்புராவின் சுருதி தனியாகத் தெரிந்தது. என் மனைவி இந்த விடயங்களில் அக்கறை காட்டாதவர். அவரே அடுக்களையிலிருந்து வந்து கேட்டார்.

உவர்மலை வானொலி:
சீனன்குடா அண்ணா, இரைச்சல் உண்மைதான். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் தம்பியின் வீட்டுக்குப் பொருந்தும் என்று எப்படித் தெரியும்? மடிக்கணினியின் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரின் அடாப்டரும் தனித்தனி மின்வழங்கிகள். சிக்னல் வயரின் புவிக்கம்பி வழியாக இரண்டுக்கும் இடையே சிறு மின்னோட்டம் ஓடினாலே இந்த இரைச்சல் வரும். தம்பி, சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். யுஎஸ்பி வயரிலும் புவிக்கம்பி இருக்கிறது. ஆகவே புதிய டிஏசிக்குள்ளும் அதே இரைச்சல் நுழையலாம். ஒளிவழிக் கேபிள் என்றால் மின்தொடர்பே இல்லை.

அடுத்தது அறை. இதில்தான் பணமே செலவழிக்காமல் பெரிய மாற்றம் கிடைக்கும். நம்மூர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். பதினொன்றரை அடி என்றால் 3.5 மீட்டர், போய்த் திரும்ப 7. சுவருக்குச் சுவர் மோதி எழும் முதல் ஒத்ததிர்வு, 349ஐ 7ஆல் வகுத்தால், 50 ஹெர்ட்ஸ். அடுத்தவை 100, 150. சதுர அறையில் நீளத்தின் ஒத்ததிர்வும் அகலத்தின் ஒத்ததிர்வும் ஒரே புள்ளியில் விழுவதால் உறுமல் இரட்டிப்பாகும். நமது மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான்! அதன் இரைச்சல் 50இலும் 100இலும் வரும்; அறை அதையே பிடித்துப் பெருக்குகிறது. 384 கிலோஹெர்ட்ஸ் பெட்டி இதற்கு என்ன செய்யும்?

சுவரோடு ஒட்டிய கட்டிலில் தலைவைத்துக் கேட்டால் இந்த உறுமல் உச்சத்தில் இருக்கும். அறையின் நடுவில் அடியொலியே காணாமற்போகும். கதிரையைப் பின்சுவரிலிருந்து நாலடி முன்னே கொண்டுவாருங்கள், ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், காது உயரத்துக்கு ஏற்றுங்கள். திரைச்சீலையும் தும்புக் கம்பளமும் கைதட்டினால் வரும் எதிரொலியைக் குறைக்கும்; ஆனால் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர், துணி அதை ஒன்றும் செய்யாது. மிஞ்சும் உறுமலை ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் 50ஐச் சுற்றி ஆறு டெசிபல் இறக்கிச் சரிசெய்யலாம்.

சீனன்குடா:
அறையை நான் மறுக்கவில்லை. ஆனால் டிஏசியை நீங்கள் ஒரேயடியாகத் தள்ளுவது நியாயம் இல்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உயர் துல்லிய ஒலியைக் குறுந்தட்டுத் தரத்திலிருந்து கேட்பவர்களால் வேறுபடுத்த முடிகிறது என்று காட்டினார். பயிற்சி பெற்றவர்களிடம் அந்தத் திறன் இன்னும் தெளிவாக இருந்தது. காதுள்ளவர்களை எல்லாம் கற்பனை செய்கிறவர்கள் என்று ஒதுக்காதீர்கள்.

உவர்மலை வானொலி:
அதே ஆய்வை முழுவதும் சொல்லுங்கள், அண்ணா. சரியாகச் சொன்னது 52.3 சதவீதம், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். 2007இல் மேயரும் மோரனும் செய்த சோதனையில் உயர் துல்லியப் பதிவு வரும் வழியில், அதைக் குறுந்தட்டுத் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கும் கருவியை வைத்து, வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 தடவையில் 276 தடவைதான் சரியான விடை. குறுந்தட்டின் 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வீச்சைத் தரும். உப்புவெளி வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டா பாட்டுக் கேட்கப்போகிறோம்? அந்த வீச்சின் கீழ்ப்பாதியை மின்விசிறியே விழுங்கிவிடும்.

நான் ஒதுக்குவது உங்கள் காதை அல்ல. ஒப்பிடும் இரண்டு கருவிகளின் ஒலியளவு சிறிதளவு வேறுபட்டாலும், உரத்ததே எல்லோருக்கும் தெளிவானதாகக் கேட்கும். அளவைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீட்டை வைத்து ஓர் இளைஞனின் 40,000 ரூபாயைச் செலவழிக்கச் சொல்லாதீர்கள்.

தம்பலகாமத்து வீணை:
நான் வீணை வாசிப்பவள். இருவரும் பதிவை மறந்துவிட்டீர்கள். யூடியூபில் வருவது விநாடிக்கு 130 முதல் 160 கிலோபிட் வரை சுருக்கிய ஒலி; குறுந்தட்டில் 1411. பழைய வானொலிப் பதிவென்றால் அது நாடாவில் ஒற்றை வழியாகப் பதிந்தது. அதில் இல்லாததை 32 பிட் கொண்டுவந்து சேர்க்காது. பிடித்த வித்துவான்களின் குறுந்தட்டு நாலைந்து வாங்கிக் கணினியில் சுருக்காமல் ஏற்றி வையுங்கள்.

உவர்மலைத் தம்பிக்கும் ஒன்று. ஈக்வலைசரில் கைவைக்கும்போது 100 ஹெர்ட்ஸுக்கு மேலே அகலமாக வெட்டவேண்டாம். வீணையின் மந்திர ஸ்தாயி அங்கேதான் இருக்கிறது, அதை வெட்டினால் கருவியே மெலிந்துபோகும்.

உப்புவெளித் தம்பி, ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பரா, நுரையா? நுரை வளையம் ஈரக்காற்றில் உக்கிப்போகும். பின்னால் வயர் செருகும் இடங்களையும் பாருங்கள். கடற்கரை வீடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

உப்புவெளியான்:
பார்த்துவிட்டேன், அக்கா. இடது பெட்டியில் விரல் பட்டதும் வளையம் கறுப்புத் துகளாக உதிர்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கத்தில் கூம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. வலது பெட்டி இன்னும் தாங்குகிறது, ஆனால் விறைத்துப்போயிருக்கிறது. செருகும் இடங்களில் களிம்பும் உண்டு. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது. கதிரையையும் முன்னே நகர்த்தினேன். உறுமல் குறைந்திருக்கிறது, குரல் வெளியே வருகிறது.

உவர்மலை வானொலி:
அப்படியானால் இரண்டு பெட்டிக்கும் வளையத்தை மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இடதும் வலதும் ஒத்துப்போகாது. கூம்பின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து ரப்பர் வளையமாக வாங்குங்கள். ஒட்டியதும் பசை காயுமுன் கூம்பை நான்கு விரல்களால் சமமாக அழுத்தி விடுங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் நடு விலகியிருக்கிறது, உடனே நகர்த்துங்கள். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. களிம்பைத் துடைத்துத் தொடுபுள்ளித் திரவம் பூசுங்கள்.

இன்னொன்று. ஆம்ப்ளிஃபயரில் 50 வாட் என்று எழுதியிருந்தாலும், 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் தெளிவாகக் கிடைக்காது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் கரகரப்பது அதனாலும் இருக்கலாம். உங்கள் சிப்பில் டிபிஏ3116 என்று இருந்தால், பலகையில் உள்ள மின்தேக்கிகள் தாங்குமா என்று பார்த்துவிட்டு, 19 வோல்ட் மடிக்கணினி சார்ஜர் ஒன்றைக் கொடுங்கள். 22 வாட் வரை போகும்.

சீனன்குடா:
வளையத்தை முதலில் மாற்றச் சொல்வதில் எனக்கும் உடன்பாடுதான். கிழிந்த கூம்பை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஒப்பிட முடியாது. சார்ஜர் விடயத்தில் மட்டும் என் பேச்சு இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் கழற்றிக்கொண்டு எத்தனை மணிநேரம் கச்சேரி கேட்பது? ஒளிவழி உள்ளீடு கொண்ட டிஏசி என்றால் அந்தத் தொல்லையும் தீரும்.

உவர்மலை வானொலி:
மடிக்கணினியில் ஒளிவழி வெளியீடு வேண்டுமே, அண்ணா? இருக்கிறதா என்று தம்பி முதலில் பார்க்கட்டும். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், புவிக்கம்பித் தொடர்பை அறுக்கும் ஒரு சிறிய பிரிப்பு மின்மாற்றி போதும், டிஏசியின் விலையில் ஒரு துண்டுதான் ஆகும்.

உப்புவெளியான்:
பின்னால் தேடிப் பார்த்தேன், ஒளிவழித் துளை இல்லை. வளையத்தையும் பிரிப்பு மின்மாற்றியையும் வாங்குகிறேன், மிச்சத்தில் குறுந்தட்டுகள். சீனன்குடா அண்ணா, பெட்டி தயாரானதும் உங்கள் டிஏசியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவீர்களா?

சீனன்குடா:
கட்டாயம் வருகிறேன். ஒலியளவை உவர்மலைத் தம்பியே அளந்து சமப்படுத்தட்டும், வயர்களையும் அவரே மாற்றட்டும். எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இருக்கட்டும். தம்புராவோடு தொடங்குங்கள்.