350 ஷெவியில் டைமிங்: லைட் 34 காட்டுது, எஞ்சின் அடிக்குது. வேக்குவம் ஹோஸ் எந்த முனையில்?

கரிப்பிளக்:
வண்டி 1970 ஷெவெல். 350 எஞ்சின், கம்ப்ரஷன் 9.5, இரும்பு ஹெட். கேம் 0.050 அங்குல லிஃப்டில் 230/236 டிகிரி. ஹோலி 650, டிஎச்350 ஆட்டோமேட்டிக், 2400 ஸ்டால் கன்வெர்ட்டர். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் பழைய பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு எச்இஐ, அதாவது ஜிஎம்மின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர், ஏற்றியிருக்கிறது. வேகம் ஏற ஏற விரிந்து பொறியை முன்தள்ளும் வெயிட்டுகளில் இருப்பது கிட்டில் வந்ததிலேயே மெல்லிய ஸ்பிரிங் ஜோடி.

ஐடில் 750க்கும் 1000க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. டிரைவில் போட்டால் சில சமயம் அணைந்துவிடும். மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மில் மேடு ஏறினால் கிணிகிணியென்று அடிக்கிறது. சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் முட்டி முட்டி நிற்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட் (பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னே பொறி விழுகிறது என்று காட்டுவது) பிடித்தால் 900இல் 16 முதல் 19 வரை அலைகிறது, 3000இல் 34. ஐடில் வேக்குவம் நியூட்ரலில் 11 அங்குலம் (பாதரச அளவு), டிரைவில் 9. ஹோஸ் இப்போது த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டில். கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்கு மேலே உள்ள முனைக்கு மாற்றினால் ஐடில் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது. எது சரி?

வேக்குவம்வாத்தியார்:
மேனிஃபோல்டுதான், சந்தேகமே வேண்டாம். ஐடிலில் சிலிண்டருக்குள் வரும் கலவை கொஞ்சம். உங்கள் கேமின் ஓவர்லேப்பில் (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) எரிந்த புகையும் உள்ளே தங்கிவிடும். இப்படி நீர்த்த கலவை மெதுவாகத்தான் எரியும், அதனால் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அதைக் கொடுக்கத்தான் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது வேக்குவத்தால் இழுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேன். மேல் முனையில் மாட்டினால் ஐடிலில் அது வேலையே செய்யாது. எரிவது தாமதமாகி, சூடெல்லாம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் ஹெடருக்கும் போகும். ரேடியேட்டர் சூடாவது அதனால்தான். அந்த மேல் முனையே புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கொண்டுவந்த வேலை.

சுருள்வில்:
வாத்தியாரே, கடைசி வரி தப்பு. புகைச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே பல கார்புரேட்டர்களில் த்ராட்டிலுக்கு மேல் ஸ்பார்க் முனை இருந்தது. 1970இல் ஜிஎம் கொண்டுவந்தது வேறு: கீழ் கியர்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவத்தையே துண்டிக்கும் சாலினாய்டு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இவர் வண்டி ஆட்டோமேட்டிக். டிரைவில் போட்டதும் வேக்குவம் 11இலிருந்து 9க்கு விழுகிறது. அதோடு கேனின் அட்வான்ஸும் விழும், ஆர்பிஎம் விழும், ஆர்பிஎம் விழுந்ததால் வேக்குவம் இன்னும் விழும். அணையாமல் என்ன செய்யும்? பேஸை (வெயிட்டும் கேனும் அசையாதபோது உள்ள டைமிங்) 20க்கு ஏற்றி, மெக்கானிக்கல் அட்வான்ஸை (வெயிட்டுகள் சேர்ப்பது) 16க்கு அடக்கி, மொத்தம் 36இல் நிறுத்துங்கள். ஹோஸ் மேல் முனையில். ஐடிலுக்கு வேண்டியது பேஸிலேயே கிடைத்துவிடும், வேக்குவத்தோடு ஆடாது.

நேர்க்கோடு:
இருவரும் சண்டையை ஆரம்பித்துவிட்டீர்கள், அவர் சொன்ன 34 உண்மையில் 34தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கிராங்க் முனையில் டைமிங் கோடு உள்ள சக்கரம், அந்தப் பேலன்சர், அம்பது வருஷத்ததாக இருந்தால் அதன் வெளி வளையம் ரப்பர் மேல் நழுவியிருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லா பிளக்கையும் எடுங்கள். 1ஆம் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, கிராங்க் போல்ட்டில் நீளப் பிடி போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தட்டி நின்றதும், எஞ்சினில் பொருத்திய டிகிரித் தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே பேலன்சரில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றித் தட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டனின் உச்சி. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

அடுத்து, ஐடிலை 550க்கு இறக்கி லைட் பிடியுங்கள். 900இல் எண் அலைகிறது என்றால் அந்த மெல்லிய ஸ்பிரிங் ஐடிலிலேயே வெயிட்டை விட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பேஸ் என்று நினைப்பது பேஸ் இல்லை.

கரிப்பிளக்:
பார்த்தாயிற்று. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பேலன்சர் கோடு பூஜ்யத்தைத் தாண்டி, சுழலும் பக்கமாக 6 டிகிரி போய் நிற்கிறது. 550இல் லைட் 12 காட்டுகிறது, அசையவில்லை. 2200இலேயே 34ஐத் தொட்டுவிடுகிறது.

நேர்க்கோடு:
அப்படியானால் லைட் சொல்லும் ஒவ்வொரு எண்ணோடும் 6 கூட்டுங்கள். பேஸ் 18, மெக்கானிக்கல் 22, மொத்தம் 40. அதுவும் 2200இலேயே. மேட்டில் அடிப்பதற்கும், சூட்டில் ஸ்டார்ட்டர் முட்டுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். புதுக் கோடு போட்டு அதே பேலன்சரை ஓட்டாதீர்கள். ரப்பர் விட்டுவிட்டது, இன்னும் நழுவும். புதிதாக வாங்கும்போது விட்டம் பார்த்து, டிகிரி குறித்த டைமிங் டேப் ஒட்டுங்கள்: 8 அங்குலத்தில் 36 டிகிரி என்பது கிட்டத்தட்ட 64 மி.மீ., 6¾ அங்குலத்தில் 54 மி.மீ. மாற்றி ஒட்டினால் மறுபடி இதே கதை.

சுருள்வில்:
ஸ்பிரிங்கும் மாற வேண்டும். ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் கனம் என்று கலந்து போட்டுப் பாருங்கள். 1100 வரை வெயிட் அசையக் கூடாது, 2800–3000க்குள் முழுதாக விரிய வேண்டும். வெயிட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, ஷாஃப்ட் புஷ் ஆடினாலோ, எந்த ஸ்பிரிங் போட்டாலும் கோடு நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். ரோட்டரைக் கையால் திருகி விட்டால் ஒட்டாமல் பட்டென்று திரும்ப வேண்டும்.

ஆனாலும் ஹோஸ் மேல் முனையில்தான் என்பேன்.

வேக்குவம்வாத்தியார்:
உங்கள் 20 டிகிரி பேஸ் இருக்கிறதே, அதுதான் சூட்டில் ஸ்டார்ட்டரை உதைக்கும். இவருக்கு 18லேயே முட்டுகிறது, கண்ணெதிரே இருக்கிறது. கிராங்க் சுற்றும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் ஏறக்குறைய இல்லை, ஆகவே கேன் அட்வான்ஸே கொடுக்காது. பேஸ் 14 என்றால் 14இல் ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் பிடித்த பிறகுதான் கேன் இழுக்கும். இந்த வசதி உங்கள் ஏற்பாட்டில் கிடையாது.

டிரைவில் அணைவது முனையின் குற்றம் இல்லை, கேனின் குற்றம். இப்போதுள்ள கேன் எத்தனை அங்குலத்தில் முழுதாக இழுக்கிறது? கைப் பம்பு மாட்டி, வெயிட் அசையாத வேகத்தில் லைட்டோடு பாருங்கள்.

கரிப்பிளக்:
8 அங்குலத்தில் அசைய ஆரம்பிக்கிறது, 15இல் முடிகிறது. மொத்தம் 20 டிகிரி. கிராங்க் கணக்கு.

வேக்குவம்வாத்தியார்:
பாருங்கள், டிரைவில் 9, நியூட்ரலில் 11. கேன் அதன் சரிவின் நடுவில் தொங்குகிறது, ஊஞ்சலில் பாதி அங்கே. கேன் முழுதாக இழுக்கும் அளவு, டிரைவில் உள்ள வேக்குவத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எச்இஐக்குப் பொருந்தும், 8 அங்குலத்துக்குள் 16 டிகிரியை முடித்துவிடும் கேன் போடுங்கள். 9இலும் 11இலும் ஒரே 16, ஆடவே ஆடாது. ஐடில் 14+16, அதாவது 30. நெடுஞ்சாலையில் லேசான த்ராட்டிலில் 36+16, அதாவது 52. இப்போது அங்கே 60 ஓடுகிறது, அது அதிகம்.

சுருள்வில்:
இங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். பாதி த்ராட்டிலில் மேடு ஏறும்போது வேக்குவம் 7, 8 இருக்கும். பழைய கேன் அந்த இடத்தில் விட்டுவிட்டிருக்கும். நீங்கள் சொல்லும் கேன் அங்கேயும் 16ஐப் பிடித்துக்கொண்டே இருக்கும். 9.5 கம்ப்ரஷன், இரும்பு ஹெட், கலிஃபோர்னியாவில் கிடைக்கும் 91 ஆக்டேன். அடிக்கும். மேட்டில் அடிப்பதை நிறுத்தத்தானே அவர் கேட்டார்?

வேக்குவம்வாத்தியார்:
அந்தக் குறை உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். கேன் கையின் ஓட்டத்தைக் குறைக்கும் தகடு ஒன்று போட்டு 10 டிகிரியில் நிறுத்தலாம். ஐடிலில் 24, நெடுஞ்சாலையில் 46. உங்கள் 20ஐவிட ஐடிலில் இன்னும் 4 கூடுதல், ஸ்டார்ட்டிங்கில் 6 குறைவு. இதற்கு என்ன சொல்வீர்கள்?

சுருள்வில்:
10 டிகிரி என்றால் வாய்விட்டுத் திட்ட மாட்டேன். நானாக இருந்தால் ஸ்டார்ட் நேரத்தில் மட்டும் ரிட்டார்ட் செய்யும் பெட்டி ஒன்றை மாட்டி 20லேயே இருப்பேன்.

நேர்க்கோடு:
முனை எதுவானாலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஐடில் டைமிங் ஏறினால் ஆர்பிஎம் ஏறும், அப்போது த்ராட்டில் ஸ்க்ரூவை இறக்க வேண்டும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் தகட்டுக்குக் கீழே டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் (த்ராட்டில் திறக்கத் தொடங்கும்போது எரிபொருள் தரும் பிளவு) சுமார் அரை மி.மீ., சின்னச் சதுரமாகத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் திறந்திருந்தால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகினாலும் எஞ்சின் கேட்காது. இன்னொன்று: தகடு அதிகம் திறந்திருந்தால் மேல் முனையிலும் ஐடிலிலேயே வேக்குவம் வரும். கரிப்பிளக், நீங்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது மேல் முனையில் கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா?

கரிப்பிளக்:
இப்போதுதான் மாட்டினேன். 5 அங்குலம் காட்டுகிறது.

நேர்க்கோடு:
உங்கள் கேன் 8இல்தான் அசைகிறது, அதனால் இப்போது தெரியவில்லை. வாத்தியார் சொல்லும் கேன் போட்டால் அது 5 அங்குலத்துக்குள்ளேயே அசையத் தொடங்கலாம், மேல் முனையில் வைத்தாலும் ஐடில் ஆடும். முதலில் தகட்டைச் சரிசெய்யுங்கள், பிறகு இவர்கள் சண்டையைத் தீர்க்கலாம்.

சுருள்வில்:
வேலையோடு வேலையாக இரண்டு. எச்இஐக்கு வரும் கம்பி பழைய பாயின்ட் காயிலுக்குப் போன ரெசிஸ்டன்ஸ் கம்பியாக இருந்தால் மாற்றுங்கள். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும், இல்லாவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் மிஸ் ஆகும், டைமிங் மேல் பழி விழும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறி நேரத்தை உணரும் பிக்கப் காயில் 500க்கும் 1500 ஓமுக்கும் நடுவே இருக்க வேண்டும். மீட்டரை மாட்டிவிட்டு, கேனை பம்பால் இழுத்து விட்டுப் பாருங்கள். பிக்கப் தகடு ஆடி ஆடி அந்த ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம்.

வேக்குவம்வாத்தியார்:
5ஆம், 7ஆம் பிளக் ஒயர்களையும் பிரித்து வையுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர், அடுத்தடுத்து வேறு எரிகின்றன. ஒட்டி ஓடினால் 5இன் பொறி 7க்குத் தாவி, 7 மிகவும் முன்கூட்டியே எரியும். மொத்தத்தை 36க்கு இறக்கிய பிறகும் அடித்தால், 7ஆம் பிளக்கை முதலில் எடுத்து, பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.